உச்சி எத்தனை?

மகிழ்நனின் மூளைக்கு ஒரு வருடமாக வரன் அமையவில்லை. மூளைக்கு என்று சொல்வதுதான் சரி. ஆளுக்கு என்றால் எப்போதோ அமைந்திருக்கும். உயரம், நிறம், சிங்காநல்லூரில் சொந்த வீடு, ஒரே பையன் என்று கேட்டுக் கேட்டுத் தலையாட்டும் பெண் வீட்டார், போனை வைக்கப் போகிற நேரத்தில் சும்மா நினைவு வந்ததுபோல ஒன்று கேட்பார்கள்.

"பையனுக்கு உச்சி எத்தனைங்க?"

அவன் அம்மா கிருஷ்ணவேணி டீச்சர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். தப்பான விடை சொல்ல நாக்கு வராது. "நாலுங்க" என்பார்.

"நாப்பதுங்களா?"

"நாலுங்க."

உடனே எதிர்முனையில் குக்கர் விசில் அடித்துவிடும். கோயம்புத்தூரில் அந்த ஒரு வருடத்தில் இத்தனை வீடுகளில் அதே நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது ஆச்சரியம்தான்.

உச்சி என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் ஊரில் குறைவு. மகிழ்நனுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிற ஆளே அவன்தான்.

அந்தக் காலத்தில் எல்லோர் காதுக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் ஒரு சில்லு இருந்தது. கூட்டல், வழி, மறந்துபோன பெயர், சண்டையில் சொல்ல வேண்டிய பதில் என்று மூளை எதைக் கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்கும். மூளை நெருக்கிக் கேட்டால் சில்லின் வேகம் ஒவ்வொரு படியாக ஏறும். கேட்கவில்லை என்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்க இறங்கிவிடும். மொத்தம் ஐந்து படிகள். கீழ்ப் படிக்கு அடி என்றும் மேல் படிக்கு உச்சி என்றும் ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். சில்லை ஓட்டுகிற இயங்குதளத்தின் அடித்தளத்தில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம்போல, யாரும் பார்ப்பதில்லை. அதற்குள் ஒரு சின்னப் பகுதி, சில்லு எந்தப் படியில் எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு எத்தனை முறை தாவியது என்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று பார்ப்பதற்காகப் பொறியாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு அது.

யாரோ ஒரு புண்ணியவான் அதை வண்ணப் படமாகக் காட்டும் செயலி ஒன்றைச் செய்தான். மூன்று மாதக் கணக்கு, நூற்றுக்கு இத்தனை என்று. முதலில் அலுவலகங்கள் கேட்டன. பிறகு பள்ளிக்கூடங்கள். பிறகு கல்யாணத் தரகர்கள். தாவல் கணக்கு கட்டம் கட்டமாக வரும் என்பதால் ஜோசியர்கள் அதை எந்தச் சிரமமும் இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டார்கள். அடியிலிருந்து நேரே உச்சிக்குத் தாவினால் முன்கோபம், மூன்றாம் படியில் தங்கினால் அரசு வேலை என்று பலன் சொல்லவும் தொடங்கிவிட்டார்கள்.

சரவணம்பட்டியில் சில்லு செய்யும் கம்பெனியில் அந்தச் சின்னப் பகுதியைப் பராமரிப்பது மகிழ்நனின் வேலை. வேலை என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த நிரல் யாரையும் தொந்தரவு செய்யாமல் தானே ஓடியது. அவனும் அதைத் தொந்தரவு செய்யாமல் மேசைக்கு அடியில் வைத்து நாவல் படித்தான். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி கொட்டும் ரயில் நிலையம், கடலோரத்துக் கலங்கரை விளக்கம், கறுப்பு ரொட்டி. கறுப்பு ரொட்டியை அவன் பார்த்ததுகூட இல்லை. சமோவாரில் தேநீர் கொதித்தது என்று வந்தால் அம்மாவின் காபி ஃபில்டர்தான் மனதில் நிற்கும். ஆனாலும் அவன் அங்கேதான் குடியிருந்தான். சிங்காநல்லூருக்குச் சாப்பிட மட்டும் வந்துபோனான்.

கனவு காண எந்தச் சில்லும் தேவையில்லை. ஆகையால் அவன் உருகி உருகி வாழ்ந்த நேரமெல்லாம் கணக்கில் அடி என்று விழுந்தது. ஆழமான மனிதர்கள் அப்படித்தான், நதியின் அடியில் சலனம் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். ஒருமுறை வாய் தவறி அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

"ஆழமா இருக்கறவன் அடுப்புல பால் பொங்கறதையாச்சும் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைத் துடைக்கப் போனார்.

அவன் நறுமுகையைச் சந்தித்ததும் இந்த ஆழத்தால்தான். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று தண்ணீர் விநியோகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, குடிமகனின் உரிமை பற்றிக் கொஞ்சம் உணர்ச்சிகரமாகப் பேசினான். எதிர்முனையில் ஒரு பெண் குரல் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டு வாசல் வால்வு திறந்திருக்கிறதா என்றது. போய்ப் பார்த்தான். மூடியிருந்தது. மூடியவன் அவனேதான், போன வாரம். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சி போனில் நன்றாகக் கேட்டது. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தான். அதற்கு மறுநாள் காரணமே இல்லாமல் செய்தான்.

ஆறு மாதத்தில் இருவரும் கல்யாணம் வரை பேசிவிட்டார்கள். இடையில் நின்றவர் நறுமுகையின் அப்பா அவிநாசியப்பன். கணபதியில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். மகளின் உச்சி எழுபத்தொன்று. அந்த வண்ணப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். மகிழ்நனை வரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பக்குவமாகப் பேசினார். சாதி, சொத்து, வேலை எதிலும் அவருக்குக் குறையில்லையாம்.

"ஆனா தம்பி, நாப்பதாவது ஓடாத மோட்டார நான் தோட்டத்துக்கே போடமாட்டனுங்க. பொண்ணுக்கு எப்படிங்க போடறது? நாப்பது காட்டுங்க. அதுக்கு மக்கா நாளே தட்டு மாத்திக்கலாம்."

அன்று பேருந்தில் திரும்பும்போது மகிழ்நன் நாவல் படிக்கவில்லை. அதுவே பெரிய செய்தி.

அவன் பராமரிக்கும் நிரலின் தலைமாட்டில், முன்பு அங்கே வேலை பார்த்த யாரோ எழுதி வைத்த ஒரு வரி இருந்தது. 'கவனம்: சில்லு உறங்கும் நேரமும், உறங்குமுன் கடைசியாக இருந்த படியின் கணக்கிலேயே சேரும்.' பேட்டரிக் கணக்குப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. செயலி செய்தவன் அதைப் படிக்கவில்லை. கண்ணாடி போட்டு மாட்டியவர்கள் படிக்கப்போவதும் இல்லை.

அதாவது, அவன் அம்மாவிடம் விளக்கினான், மூளை ஒன்றும் கேட்காதபோது சில்லு உறங்கிவிடும். ராத்திரி மட்டுமல்ல, பகலிலும் நூறு தடவை. உறங்கும்போது உச்சிப் படியில் இருந்தபடியே உறங்கிவிட்டால், எழுந்திருக்கும்வரை அவ்வளவு நேரமும் உச்சியில் யோசித்ததாகவே எழுதப்படும்.

கிருஷ்ணவேணி டீச்சருக்கு உடனே புரிந்தது. "கடசி பெஞ்சுல தூங்கற பையனுக்கும் வருகைப் பதிவு உண்டில்ல, அதாட்டத்தான?"

"அதேதாம்மா."

"அப்ப நீ ஸ்கூல்ல வாங்குன மாதிரி."

எனவே பொய் எழுத வேண்டியதில்லை. கணக்கில் கை வைக்க வேண்டியதில்லை. உச்சியில் இருக்கும்போதே தூங்கினால் போதும். கேட்கச் சுலபமாக இருந்தது. முதல் நாள் படுத்துக்கொண்டு பெரிய பெரிய எண்களைப் பெருக்கினான். சில்லு உச்சிக்குப் போனது, தூக்கம்தான் வரவில்லை. தூக்கம் வரத் தொடங்கியதும் சில்லு பெரிய மனுஷன்போல ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கி அடிக்கு வந்து, அங்கே உறங்கியது. வருமான வரிச் சட்டத்தை எடுத்தான். சில்லு ஏறுமுன்பே தூங்கிவிட்டான். சதுரங்கம் ஆடிப் பார்த்தான். தோற்ற கோபத்தில் விடியும்வரை விழித்திருந்தான்.

கடைசியில் கைகொடுத்தது அவனுடைய கோழைத்தனம். படுக்கையில் கண்ணை மூடி, எதிரே அவிநாசியப்பனை உட்கார வைத்து, கற்பனையில் அவரோடு வாதம் செய்யத் தொடங்கினான். பதில் தேடிச் சில்லு உச்சிக்குப் பாயும். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார். பதில் இருக்காது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் சட்டென்று தூங்கிவிடுவது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. சில்லுக்கு இறங்க நேரம் கிடைக்காமல் உச்சியிலேயே உறங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அலுவலகத்திலும் அதே பயிற்சி. மூன்று மாதக் கணக்கு வந்தபோது உச்சி நாற்பத்து மூன்று. வாழ்க்கையில் முதல்முறையாக முயற்சி என்ற ஒன்றைச் செய்து, அதுவும் தூங்குவதில் செய்து, அவன் வென்றிருந்தான்.

பெண் பார்க்கும் நாளில் ஜோசியர் ஆறுச்சாமி இரண்டு தாள்களையும் விரித்து வைத்தார். நறுமுகையின் கட்டத்தைத் தடவி, இது ராஜயோகக் கட்டம் என்றார். அவிநாசியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். மகிழ்நன் கேசரியை வாயில் வைத்தபடி அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் வாயிலிருந்ததை மெல்லவே மறந்துபோனான்.

அந்தக் கட்டத்தை அவனைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. உச்சிக்குத் தாவிய தாவல்கள் கொஞ்சம். உச்சியில் இருந்த நேரமோ மலைபோல. யோசிப்பவர்களின் கட்டம் அப்படி இருக்காது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இது உச்சியில் தூங்குகிறவரின் கட்டம். அச்சு அசலாக அவனுடையதைப்போல.

அவளும் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான். எனக்காக அவளும் திருட்டுத்தனம் செய்கிறாள். கறுப்பு ரொட்டி தேசங்களில்கூட இப்படி ஒரு காதல் நடந்திருக்காது என்று நினைத்தபோது அவன் கண் கலங்கியது. கேசரியில் மிளகாயா என்று அம்மா காதருகில் கேட்டார்.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று மகிழ்நன் கண் சிமிட்டினான். அவனுக்குக் கண் சிமிட்ட வராது. இரண்டு கண்ணும் சேர்ந்து மூடும்.

"கண்ணுல தூசிங்களா?" என்றாள் நறுமுகை.

"நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க? தூங்கறதுக்கு முன்னாடி உச்சிக்குப் போற வித்தைய?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அந்த ஒரு வரி, கடைசி பெஞ்சு, அவள் அப்பாவோடு தினமும் நடக்கும் வாதம். அவள் முதலில் சிரித்தாள். பிறகு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த எழுபத்தொண்ணுல தூக்கம் எத்தன இருக்கும்?"

"முக்கால்வாசி."

அவள் கீழே யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், ஒரு பெரிய குழாய்க்குள் இரண்டு பேர் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அந்த வால்வைத் திறக்கப் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டாள். அழுத்தவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வெளியே வந்து டீ குடிக்கப் போனார்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து படுத்தால் அதே விரல், அதே பொத்தான். எல்லா வால்வையும் மூடினேனா என்று மனசு ஓடும். தூக்க மாத்திரை போட்டால் ஒரே அடியாகத் தள்ளிவிடும். பகலிலும் திடீரென்று நெஞ்சு அடிக்கும், பிறகு வெகுநேரம் எல்லாம் மரத்துப்போகும்.

"இத்தன நாளா எங்கப்பா கண்ணாடி போட்டு ஊதுபத்தி காட்டறது என்ர மாத்திரைக்குங்களா?"

மகிழ்நன் தொட்டி விளிம்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இதில் பெரிய வினை என்னவென்றால், அந்த எழுபத்தொன்றைப் பார்த்து அவளுடைய அலுவலகம் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தது. ராத்திரி நேரத்தில் ஊர் முழுக்க உள்ள வால்வுகள் இப்போது அவள் பொறுப்பு. என்னால் முடியாது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மேலதிகாரி தாளை எடுத்துக் காட்டினாராம்.

"எழுபத்தொண்ணு இருக்கறவ முடியாதுன்னு சொன்னா யாருங்க நம்புவா? சோம்பேறித்தனம்னு நெனைக்கறாங்க" என்றாள். பிறகு, "அதச் சரி பண்ண முடியுங்களா?"

"முடியும். தூக்கத்தத் தனியாப் பிரிச்சுட்டாப் போதும்."

"பண்ணுனா உங்களுது?"

"நாலு."

கீழே அவிநாசியப்பனின் சிரிப்புக் கேட்டது. முகூர்த்த நாள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். நறுமுகை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனால் முடியாது என்றுகூடச் சொல்லியிருக்க முடியும்.

நாவல்களில் இப்படிப்பட்ட முடிவுகளைத் தாடி வைத்தவர்கள் உறைந்த நதிக்கரையில் நடந்தபடி எடுப்பார்கள். மகிழ்நனுக்குத் தாடி சரியாக வளராது. சிங்காநல்லூர்க் குளக்கரையில் நடந்து பார்த்தான். ஒரு நாய் துரத்தியது. ஓடி வந்து வீட்டில் உட்கார்ந்து யோசித்தான். திருத்தினால் நறுமுகைக்கு வால்வுகளிலிருந்து விடுதலை, அவனுக்கு நறுமுகையிடமிருந்து. திருத்தாவிட்டால் கல்யாணம் நடக்கும். மணமேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வால்வை மூடினேனா என்று எண்ணிக்கொண்டிருப்பாள், அது அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

திருத்தினான். சில்லு உறங்கும் நேரத்தை எடுத்து உறக்கம் என்ற தனிக் கட்டத்தில் போட்டான். அவ்வளவு சின்ன வேலை. இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அலுவலக வழக்கம். பக்கத்து மேசை ஜெரால்டு திறந்துகூடப் பார்க்காமல் ஒப்புதல் தந்தான். அந்தக் குழுவிலேயே அதிக உச்சி ஜெரால்டுக்குத்தான். பேட்டரி சம்பந்தமான மற்ற திருத்தங்களோடு அதுவும் ஊர்ச் சில்லுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஊர் கொஞ்ச நாள் அல்லோலகல்லோலப்பட்டது. அறுபதும் எழுபதுமாக நடமாடியவர்கள் எட்டும் பத்துமாக எழுந்தார்கள். ஜெரால்டு மூன்று. மகிழ்நன் தன்னுடையதைக் கொஞ்சம் ஆசையோடுதான் திறந்தான். உறக்கத்தைக் கழித்துவிட்டால் தன் உண்மையான ஆழம் தெரியவரும் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. உச்சி நாலு, உறக்கம் எண்பது. இத்தனை காலமும் அடியில் இருக்கிறோம் என்று நினைத்திருந்தான். அடியில்கூட அவன் இருக்கவில்லை.

நறுமுகைக்கு உச்சி பன்னிரண்டு. பன்னிரண்டை வைத்துக்கொண்டு ராத்திரியில் ஊரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று மேலதிகாரி வருத்தத்தோடு அவளைப் பகல் வேலைக்கு மாற்றினார். தனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்த அவமானம் வேறில்லை என்றாள். அவிநாசியப்பன் கண்ணாடிப் படத்தைக் கழற்றினார். அன்றைக்கே டீச்சருக்குப் போன் செய்து, நாலுக்கு நாற்பத்து மூன்று காட்டியவர்களோடு சம்பந்தம் வேண்டாம் என்று முடித்துக்கொண்டார். குக்கர் விசில்கூட இல்லாமல் நேராகச் சொன்னாரே, அந்த வகையில் மரியாதையான மனிதர் என்றார் அம்மா.

மகிழ்நன் அடுத்து வேலை போவதற்காகக் காத்திருந்தான். உண்மையை வெளியிட்டவனைத் துரத்துவார்கள். அவன் ஒரு பெட்டியோடு மழையில் நடந்து போவான். அந்தக் காட்சிக்காக நல்ல குடைகூட எடுத்து வைத்திருந்தான். ஆனால் கம்பெனியில் அவனை அழைத்து, மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். உறக்கம் என்ற புதிய கட்டம் விற்பனைப் பிரிவுக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. மன நிம்மதியை அளக்கும் உலகின் முதல் சில்லு என்று விளம்பரம் வந்தது. அலுவலகத்திலேயே அதிக நிம்மதி உள்ளவர் என்று விளம்பரத்தில் அவன் முகம். கண் இரண்டும் மூடிய நேரத்தில் எடுத்த படம்.

கொஞ்ச நாளிலேயே தரகர்களின் கேள்வி மாறிவிட்டது. "உறக்கம் எத்தனைங்க?" டீச்சர் "எண்பது" என்றதும் எதிர்முனையில் பெரியவர்கள் போனைக் கைமாற்றி வாங்கிப் பேசினார்கள். பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் ஜாதகங்கள் வந்து குவிந்தன. "உன்னயத் தூங்குமூஞ்சின்னு திட்டுனதெல்லாம் ஆசீர்வாதமாப் போச்சு கண்ணு" என்றார் அம்மா.

அவிநாசியப்பனும் வந்தார். கையில் பழத்தட்டு. மகளுக்கு உறக்கம் அறுபத்தெட்டு என்று தெரிந்ததும் அவருக்குப் பழைய பூரிப்புத் திரும்பியிருந்தது. சூடாகாத மோட்டார்தான் நாள்பட உழைக்கும், அதைத் தான் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். கண்ணாடிச் சட்டத்தில் புதிய படத்தைப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். மகிழ்நன் தலைகால் புரியாமல் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் நறுமுகைக்குப் போன் செய்தான்.

அவள் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"மறுபடியும் மாத்திரையத்தான் மாட்டி வெச்சிருக்கறாரு."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எண்பது அவனுடைய தூக்கம்தான், அறுபத்தெட்டு அவளுடையதில்லை, மாத்திரையுடையது.

மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னாள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சில வாரங்கள் தூக்கம் வராது, அந்தப் பொத்தான் வரும், தாங்கிக்கொண்டால் தானாகத் தூக்கம் திரும்புமாம். உறக்கக் கணக்கு இறங்கும். அப்பா இப்போது வாரா வாரம் தாள் எடுத்துப் பார்க்கிறார்.

மகிழ்நன் தன் கையிலிருக்கும் ஒரே திறமையை முன்வைத்தான். அவள் கணக்கு இறங்காமல் நிறுத்த நிரலில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், ஒருவருக்கும் தெரியாது.

"வேண்டாம்" என்றாள். "கணக்குல கை வெக்காத. நிச்சயம் நின்னாலும் நிக்கட்டும்." இதுவரை நீங்க என்றே பேசி வந்தவள், அன்று மாறியதை அவளே கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

கணக்கில் கை வைக்காமல் அவனால் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம். அவளோடு விழித்திருப்பது. ஊரிலேயே உறக்கத்துக்குப் பெயர் போன ஆள் காதில் போனோடு சுவரில் சாய்ந்து உட்காரத் தொடங்கினான். நாவல் படித்துக் காட்டினான். வெறுமனே படிப்பதென்றால் அவன் சில்லு பக்கத்திலேயே படுத்து உறங்கியிருக்கும். ஆனால் நறுமுகை கேள்வி கேட்பவள். ரயிலுக்காக இரண்டு நாள் காத்திருக்கிறானே, அவனுக்குச் சோறு யார் போட்டது? அந்த ஊரில் குழாயில் தண்ணீர் உறைந்துபோனால் வால்வு வெடிக்காதா? அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அங்கே குடியிருந்துவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை. சில்லு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கதை ஓடாத நாட்களில் அவள் ஒவ்வொரு வால்வாகப் பெயர் சொல்லுவாள், அவன் மூடியாச்சு, மூடியாச்சு என்பான். சில நாள் வாக்கியத்தின் நடுவில் அவள் மூச்சு சீராகிவிடும். உலகம் போற்றும் அத்தியாயத்தில் தூங்கிவிட்டாளே என்று எழுத்தாளர் சார்பில் ஒரு நொடி வருத்தப்பட்டுவிட்டு, அவள் மறுபடி விழித்துக்கொண்டால் என்ன செய்வது என்று போனை வைக்காமல் உட்கார்ந்திருப்பான்.

காலையில் டீச்சர் ஒன்றும் கேட்பதில்லை. காபியில் மட்டும் டிகாக்ஷன் கூடிக்கொண்டே போனது.

நிச்சயத்தன்று அவிநாசியப்பன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றுமுன் ஒரு சம்பிரதாயத்துக்காக என்று ஆறுச்சாமி இருவருடைய வாரத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். விரித்தவர் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார்.

எண்பது அறுபதாகி, ஐம்பதாகி, நாற்பதுக்கு வந்திருந்தது. அறுபத்தெட்டும் அதே வழியில் இறங்கியிருந்தது. ஒரு வாரம் அவளுக்கு அதிகம் சரிந்திருந்தால் அந்த வாரம் அவனுக்கும் சரிந்திருந்தது. ஒரு வாரம் அவளுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தால் அவனுக்கும் ஏறியிருந்தது. இதற்குப் பலன் எதுவும் ஆறுச்சாமிக்கு வாயில் வரவில்லை. கிருஷ்ணவேணி டீச்சர் சுவரில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நறுமுகை தலை குனியாமல் அப்பாவையே பார்த்தாள்.

அவிநாசியப்பன் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு இரண்டு தாளையும் கையில் எடுத்தார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கற்பனையில் இவரோடு இத்தனை வாதம் செய்திருந்தும், இந்தக் கேள்விக்கு மட்டும் மகிழ்நன் பதில் தயார் செய்யவில்லை.

"ரெண்டு மோட்டாரும் ஒரே சுவிச்சுல ஓடுதாட்ட இருக்குது" என்றார் அவிநாசியப்பன்.

அவர் தாள்களை மடித்து ஆறுச்சாமியிடம் கொடுத்தார். மகளைப் பார்த்தார். எழுபத்தொன்று, பன்னிரண்டு, அறுபத்தெட்டு என்று பார்த்துப் பழகிய கண்களால் முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தூக்கம் வர்றதில்லையா சாமி?"

"இல்லீங்கப்பா" என்றாள் நறுமுகை.

"எத்தன நாளா?"

அவள் சொல்லத் தொடங்கினாள். குழாய்க்குள் இறங்கிய இரண்டு பேர், பொத்தான், விரல். அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தட்டில் வெற்றிலை வாடிக்கொண்டிருந்தது, யாரும் அவசரப்படவில்லை.

மகிழ்நன் படித்த அத்தனை நாவல்களிலும் இப்படி ஒரு பக்கம் வந்ததில்லை. இதை ஒரு சொல்கூட விடாமல் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, அவள் சொல்வதைக் கேட்க இன்னொரு ஆள் இருந்தார். அந்த நிம்மதி அவன் கழுத்து வழியாக இறங்கியது. அவன் தலை மெதுவாகச் சாய்ந்து ஜோசியர் ஆறுச்சாமியின் தோளில் போய் நின்றது.

டீச்சர் பதறிப்போய் அவனை எழுப்பக் கை நீட்டினார். "உடுங்க, மாப்ள தூங்கட்டும்" என்றார் அவிநாசியப்பன், மகளின் கையை விடாமல்.

அவன் காதுக்குப் பின்னால் சில்லு ஒவ்வொரு படியாக இறங்கி, அடியைத் தொட்டு, உறக்கம் என்ற கட்டத்தைத் திறந்து, எழுதத் தொடங்கியது.